எதிர்க்கடை அலமாரியில் இருந்த ஆயில்

அண்ணா,

நேற்று மதியம் கடைக்கு ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். மலையில் காவலூருக்கும் மேலே ஏதோ ஊர் என்றார். என்ன வண்டி, என்ன ஆயில் என்று நான் கேட்பதற்குள், திறந்திருந்த டப்பாவின் வாயில் விரலை வைத்து ஒரு சொட்டு எடுத்துக்கொண்டார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டித் தேய்த்து, மெதுவாகப் பிரித்து, நடுவில் நூல் விழுகிறதா என்று வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு மூக்கருகில் கொண்டுபோனார். அடுத்து நாக்கில் வைத்துவிடப் போகிறார் என்று பதறி, "அது தேன் இல்லீங்க, இன்ஜின் ஆயிலு" என்றேன். சொல்லிவிட்டு, உங்கள் விரலே வந்து நிற்பதுபோல் அவர் விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர், பாவம், ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்துக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

நீங்கள் போய் இந்த ஆடியோடு ஒரு வருஷம் முடிகிறது. இருந்தபோது உங்களிடம் நான் பேசாத பேச்சு இல்லை. வாய் ஓயாதவள் என்று நீங்களே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறீர்கள். அந்த வாயிலிருந்து ஒரே ஒரு விஷயம் மட்டும் ஐந்து வருஷமாக வெளியே வரவில்லை. உங்கள் காருக்கு நான் கொடுத்த ஆயிலைப் பற்றியது அது. அன்றைக்கு உங்களிடம் ஒரு பொய் சொன்னேன். அதை எழுதியாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். எதையும் நேராகத் தொடங்கி நேராக முடிக்க எனக்குத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் முதலில் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. என் வீட்டுக்காரர் குவைத்துக்குப் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கடையை மூடிவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு வீம்பு. மலையடிவாரத்தில் வண்டிச் சாமான் கடை நடத்தப் பொம்பளையால் முடியாதா என்று நானே வந்து உட்கார்ந்தேன். வருகிறவர்கள் எல்லாம் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். "ஆம்பள யாருமில்லியா?" என்பார்கள். இல்லை என்றால், பிறகு வருகிறேன் என்று போய்விடுவார்கள். அந்தக் கோபத்தில் கடையிலிருந்த ஒவ்வொரு டப்பாவின் பின்பக்கத்தையும், கிடைத்த ஒவ்வொரு வண்டிப் புத்தகத்தையும் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்து வைத்திருந்தேன். கேட்கத்தான் ஆள் இல்லை.

நீங்கள் உங்கள் பழைய ஜீப்பை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தீர்கள். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, "ஜீப்புக்கு ஆயிலு ஊத்தணும்மா. எது நல்லாருக்கும், நீயே சொல்லு" என்றீர்கள். அவ்வளவுதான், அணை உடைந்துவிட்டது. டப்பாவில் இரண்டு எண் இருக்கும், டபிள்யூ பக்கத்தில் இருக்கும் முதல் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்று சொல்லும், அடுத்த எண் இன்ஜின் சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்று சொல்லும், உங்கள் ஜீப் பழைய இன்ஜின், உள்ளே இரும்புக்கும் இரும்புக்கும் இடைவெளி அதிகம், அதனால் இருபது டபிள்யூ ஐம்பது என்ற கெட்டி ஆயில்தான் அதற்குச் சரி என்று மூச்சு விடாமல் சொன்னேன். நீங்கள் கடைசிவரை கேட்டீர்கள். பிறகு, "நீ இன்னா, இஸ்கூல் டீச்சரா?" என்றீர்கள். அன்றிலிருந்து நான் உங்களுக்கு டீச்சரம்மா.

அந்த ஒரு ஆயில் டப்பாவுக்குப் பிறகு உங்கள் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். நீங்கள் அனுப்பினீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வருகிறவர் எல்லாம் என் முகத்தைப் பார்த்து, "டீச்சரம்மா கடை இதுதானா?" என்று கேட்டால் எனக்குத் தெரியாதா? இந்தக் கடை நின்றதே உங்களால்தான். உங்களிடம் இதையும் நான் சொன்னதில்லை, ஆனால் இதைச் சொல்லியிருந்தால் சிரித்து மழுப்பியிருப்பீர்கள்.

வருஷம் தவறாமல் தேன் கொண்டுவந்து கொடுப்பீர்கள். கழுவித் துடைத்த பிராந்தி பாட்டிலில். ஒரு தடவை பங்குச் சாமியார் வீடு மந்திரிக்க வந்தபோது, மாதா படத்துக்குக் கீழே அந்த பாட்டில் நிமிர்ந்து நின்றது. அவர் படத்தைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தேன் சாமி, மலைத்தேன் என்று நான் மூடியைத் திறந்து முகர வைத்த கதையை உங்களிடம் சொன்னபோது, கல்லாவுக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். அடுத்த வருஷம் வேண்டுமென்றே பெரிய பாட்டிலில் கொண்டுவந்தீர்கள்.

தேனை எப்படிப் பார்க்க வேண்டும் என்று நீங்கள்தான் காட்டினீர்கள். ஒரு சொட்டை இலையில் விட்டுச் சாய்த்துப் பிடித்தால், மெதுவாக நகர்வது நல்ல தேன். கடகடவென்று ஓடினால், தேனீ அடையை மூடுவதற்கு முன்பே அவசரப்பட்டு எடுத்தது, நாளாக ஆகப் புளித்துவிடும். உங்கள் ஊரில் கையில் நூல் பார்க்காமல் யாரும் தேன் வாங்குவதில்லை. அதே கையால்தான் நீங்கள் ஆயிலையும் பார்த்தீர்கள். ஜீப் இருந்தவரைக்கும் அதனால் ஒரு வம்பும் இல்லை. ஜீப்புக்கும் கெட்டி வேண்டும், உங்கள் விரலுக்கும் கெட்டி வேண்டும், நானும் கெட்டியையே கொடுத்தேன்.

வம்பு வந்தது காரோடு. உங்கள் மகளைக் கட்டிக் கொடுத்த வருஷம் ஜீப்பை விற்றுவிட்டு, திருப்பத்தூரில் யாரோ ஐந்தாறு வருஷம் ஓட்டிய பெட்ரோல் காரை வாங்கினீர்கள். மகள் மாசமாக இருக்கிறாள், ஜீப்பில் குலுங்கிக் குலுங்கிக் கூட்டிப்போக முடியாது என்றீர்கள். முதல் பிரசவம் உங்கள் வீட்டில்தான் என்பதால், அந்த மலைப்பாதையில் அவளை அலுங்காமல் கீழே கொண்டுவர வேண்டும் என்ற ஒரே நினைப்புதான் உங்களுக்கு. காரைக் கடைக்கு முன்னால் நிறுத்திவிட்டு, குழந்தை மாதிரி அதன் கதவைத் தட்டிக்கொடுத்தீர்கள்.

நான் வண்டிப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ஐந்து டபிள்யூ முப்பது என்று போட்டிருந்தது. டப்பாவைத் திறந்து ஒரு சொட்டு உங்கள் விரலில் விட்டேன். நூல் விழவே இல்லை. உங்கள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"இன்னா இது, தண்ணியா ஓடுது. இத்த ஊத்திக்கினு மலை ஏறுனா பாதி வழியிலயே ஆவியாப் பூடும்."

"போவாதுண்ணா. இது புது மாதிரி இன்ஜின். உள்ள சந்து எல்லாம் முடி கனம்தான். கெட்டி ஆயிலு அதுக்குள்ள போய்ச் சேர்றதுக்கே நேரமாவும்."

"தண்ணியா ஓடுற தேனை எவன் வாங்குவான்? மலை ஏறுற வண்டிக்குக் கெட்டிதான். நீ புஸ்தகத்தைப் பாத்துச் சொல்ற. நான் ரோட்டைப் பாத்துச் சொல்றேன்."

கெட்டியைக் கொடுக்க மாட்டேன் என்று நான் சொல்லிவிட்டேன். விறைத்துக்கொண்டு போய்விட்டீர்கள். வேறு எங்காவது வாங்கி ஊற்றியிருப்பீர்கள் என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். பதினைந்து நாள் கழித்து அதே பழைய ஆயிலோடு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, முதலிலிருந்து அதே சண்டையை ஆரம்பித்தீர்கள். ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று அந்தச் சண்டை ஓடியது. பக்கத்து மெக்கானிக் தன் டீயை எடுத்துக்கொண்டு வந்து நம் நடுவில் நின்று கேட்பார். அண்ணா, உண்மையைச் சொல்கிறேன், அந்த மாதங்களில் நீங்கள் வரும் நாளுக்காகக் காத்திருப்பேன். அடுத்த தடவை என்ன சொல்லி மடக்கலாம் என்று சமைக்கும்போதுகூட யோசிப்பேன்.

கடைசியில் உங்களை மடக்கியது என் புத்தகம் இல்லை, உங்கள் தேன்தான். இரண்டு சின்னக் கிண்ணத்தில் இரண்டு ஆயிலையும் ஊற்றி, ஜூஸ் கடைக்காரரின் ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்துக்கொண்டு வந்தேன். உங்கள் கண்ணெதிரே சாய்த்தேன். முப்பது மோர் மாதிரி சரிந்து வந்தது. ஐம்பது இருந்த இடத்தைவிட்டு நகர மனமில்லாமல் நின்றது. "உங்க ஊர்ல மார்கழிக் காலைல இப்டித்தாண்ணா குளிரும். அப்ப இது எப்ப மேல ஏறி எப்ப இன்ஜினுக்குப் போய்ச் சேரும்?" என்று கேட்டேன். நீங்கள் இரண்டு கிண்ணத்தையும் வாங்கி மறுபடி சாய்த்துப் பார்த்தீர்கள். அப்புறம் நீங்களாகவே, "மார்கழில தேன் பாட்டிலக் கவுத்தா, சொட்டு வர்றதுக்குள்ள கையில கீற காபி ஆறிப்பூடும்" என்றீர்கள். யோசிக்கிறேன் என்று எழுந்து போனீர்கள்.

இனி எழுதுவதுதான் நான் சொல்ல வேண்டியது.

கார்த்திகையில் ஒரு புதன்கிழமை. திருப்பத்தூருக்குச் சாமை கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் வந்தீர்கள். ஸ்டூலில் உட்காரக்கூட இல்லை. "சரி, உன் தண்ணி ஆயிலையே ஊத்து. எனக்கு மனசு ஒப்பல. ஆனா நீ இவ்ளோ சொல்ற" என்றீர்கள்.

நான் அலமாரிக்குத் திரும்பினேன். அந்தத் தட்டு காலி. கடைசி டப்பாவை முந்தின நாள்தான் ஒரு ஸ்கூல் வேன்காரருக்குக் கொடுத்திருந்தேன். சரக்கு வண்டி சனிக்கிழமைதான் வரும். இதில் மறைக்க என்ன இருக்கிறது? எந்தக் கடையிலும் நடப்பதுதான். ஆனால் எதிரே அந்தப் புதுக் கடை திறந்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. கண்ணாடி அலமாரி, பளிச்சென்று விளக்கு, வருகிறவர்களுக்குக் குளிர்ந்த தண்ணீர். என் வாடிக்கையாளர்கள் ஏழெட்டுப் பேர் ஏற்கெனவே அந்தப் பக்கம் போய்விட்டார்கள். நான் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பார்த்தாலே அவர்கள் அலமாரியின் இரண்டாம் தட்டு தெரியும். அங்கே அடுக்கியிருந்தது அதே ஐந்து டபிள்யூ முப்பது. எண்ணைக்கூட என்னால் படிக்க முடிந்தது.

இல்லை என்று சொன்னால் நீங்கள் தெருவைக் கடந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். ஆறு மாதம் நான் கத்திக் கத்தி உங்களைச் சம்மதிக்க வைத்து, கடைசியில் அந்த டப்பாவை அவர்கள் கையிலிருந்து நீங்கள் வாங்குவதா? அந்த எரிச்சல் எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. திரும்பி நின்று சொன்னேன்: "நானும் யோசிச்சுப் பாத்தேண்ணா. நீங்க சொல்றதும் சரிதான். மலை ஏறுற வண்டி, கெட்டியே இருக்கட்டும்."

நீங்கள் என்னை உற்றுப் பார்த்தீர்கள். "நெஜமாவா? எனக்காவ சொல்றியா?"

"நெஜமாத்தாண்ணா."

உங்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மெக்கானிக்கிடம் போய், "டீச்சரம்மாவே பாஸ் போட்டுட்டா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். அவர் பழைய ஆயிலை இறக்கிவிட்டுக் கெட்டியை ஊற்றினார். நான் கல்லாவில் உட்கார்ந்து எதையோ தேடுவதுபோல் மேஜை டிராயரைக் கிளறிக்கொண்டிருந்தேன். மகளுக்குத் தேதி மார்கழிக் கடைசி என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனீர்கள். ஒன்றும் ஆகாது, ஐம்பது ஊற்றிய வண்டி ஓடாமலா போகிறது, பொங்கல் முடிந்ததும் எதையாவது சொல்லி மாற்றிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மார்கழி பாதியில் ஒரு விடியற்காலை. கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை அணைத்துவிட்டுப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. நீங்கள் அந்த நேரத்தில் கூப்பிட்டதே இல்லை.

"டீச்சரம்மா, பாப்பாவுக்கு வலி கண்டுடுச்சு. வண்டி எழுந்துக்கல."

"ஆம்புலன்சுண்ணா?"

"வேற ஊருக்குப் போய்க்கீதாம். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும்ன்றாங்க."

"வண்டி எப்டி சுத்துது?"

"இழுத்து இழுத்து சுத்துது. மொதவாட்டி கொஞ்சம் சுத்துச்சு, இப்ப இன்னும் மெதுவா சுத்துது. உள்ள யாரோ புடிச்சிக்கினு கீறாப்ல கீது."

யார் பிடித்துக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். குளிரில் இறுகிப்போன ஆயில், அதைச் சுழற்றிச் சுழற்றி இளைத்துக்கொண்டிருக்கும் பேட்டரி. இன்னும் இரண்டு தடவை சாவியைத் திருப்பினால் அதுவும் போய்விடும். அடுப்பை அணைத்துவிட்டு, சாவியைத் தொடாதீர்கள் என்றேன். குளிக்க வைத்திருக்கும் வெந்நீரில் கோணிப்பையை நனைத்து, வண்டிக்கு அடியில் ஆயில் தொட்டியோடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னேன். லாரிக்கு வைப்பதுபோல் நெருப்புச் சட்டி வைக்கலாமா என்று கேட்டீர்கள். "வேணாவே வேணாண்ணா, பெட்ரோல் வண்டி" என்று கத்தினேன். போனை வைக்க வேண்டாம் என்றும் சொன்னேன். பக்கெட் சத்தம், ஆட்கள் ஓடுகிற சத்தம் எல்லாம் கேட்டது. நடுநடுவே உங்கள் மகளின் குரல். அந்தக் குரலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இரண்டு மூன்று தடவை கோணியை மாற்றிய பிறகு, இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு, ஆட்களை விட்டுத் தள்ளச் சொன்னேன். வண்டி உருண்டதும் கிளட்சை விட்டீர்கள். ஒரு உதறல், இரண்டு உதறல், பிடித்துக்கொண்டது. ஆனால் சுத்தியலால் தட்டுவதுபோல் டக டக டக என்று எனக்கே போனில் கேட்டது.

"செவப்பு லைட்டு அணையல டீச்சரம்மா."

"ஆயிலு இன்னும் மேல வர்ல. நிக்க வெச்சுக்கோங்க. ஆக்சிலேட்டர்ல கால் வெக்காதீங்க. ஒண்ணுலேர்ந்து எண்ணுங்க. பத்துக்குள்ள அணையலன்னா நிறுத்திடணும்."

நிறுத்திவிட்டால் அதற்குப் பிறகு என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நீங்கள் எண்ண ஆரம்பித்தீர்கள். சந்தையில் எத்தனையோ மூட்டை எண்ணிய குரல், அன்றைக்கு மூன்றிலேயே நடுங்கியது. நான் இந்தப் பக்கம் மாதா படத்தின் முன் நின்றேன். ஜெபம் வரவில்லை, எதிர்க்கடை அலமாரிதான் கண்முன் வந்தது. எட்டு என்று சொல்லிவிட்டு நிறுத்தினீர்கள். "அணைஞ்சிடுச்சு" என்றீர்கள்.

ரோட்டோரம் போய் நின்றேன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும், பனியில் விளக்கு தெரிந்தது. நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை, ஹாரன் மட்டும் ஒரு தடவை அடித்தீர்கள். பின் சீட்டில் உங்கள் மகள் யார் தோளிலோ சாய்ந்திருந்தாள். இன்ஜின் சூடேறிச் சத்தமே இல்லாமல் ஓடியது. கார் வளைவில் திரும்பி மறைந்தது. ரோட்டோரத்து மைல் கல்லின்மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

திருப்பத்தூர் போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் பேத்தி பிறந்தாள். அந்தச் சனிக்கிழமை கற்கண்டோடு வந்தீர்கள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். "அண்ணா, அந்த ஆயிலு" என்று வாயைத் திறந்தேன். நீங்கள் கையமர்த்தினீர்கள்.

"தெரியும் தெரியும். நீ ஆறு மாசமா தலபாடா அடிச்சுக்கின. நான் மூஞ்ச தொங்கப்போட்டுக்கினு வந்து நின்னேன். என் மனசு நோவக்கூடாதுன்னு நீ விட்டுக் குடுத்த. தப்பு என்னுது, உன்னுது இல்ல."

அந்த இடத்திலேயே மறுத்திருக்க வேண்டும். நான் கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டேன். வெட்கத்தைவிட அந்த நேரத்தில் நிம்மதிதான் அதிகமாக இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். உங்கள் காரில் ஐந்து டபிள்யூ முப்பதை அன்று என் கையாலேயே ஊற்றினேன். பிறகு ஒவ்வொரு தடவை ஆயில் மாற்ற வரும்போதும், "உன் தண்ணிய ஊத்து" என்று கேட்டு வாங்கினீர்கள். மார்கழியில் ஒரே திருகில் வண்டி எழுந்துகொள்கிறது என்று போன் போட்டுச் சொல்வீர்கள். ஊர்க்காரர்களைக் கூட்டி வந்து என் எதிரே நிறுத்தி, டப்பாவில் இருக்கும் இரண்டு எண்ணுக்கும் நீங்களே அர்த்தம் சொல்வீர்கள். நடுவில் தப்பாகச் சொன்னால் என் முகத்தைப் பார்ப்பீர்கள். ஒவ்வொரு தடவையும், அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைப்பேன்.

போன ஆடியில் நெஞ்சுவலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்று மெக்கானிக் வந்து சொன்னார். அத்தனை வருஷத்தில் உங்கள் வீட்டுக்கு நான் வந்தது அன்றைக்குத்தான். கூட்டத்தில் உங்கள் பங்காளி ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நீதானா அந்த டீச்சரம்மா? அண்ணனுக்காவ சொன்ன சொல்லையே மாத்திக்கினவளாமே. சொல்லிக்கினே இருப்பாரு" என்றார். உங்கள் காலடியில் மாலையை வைத்தபோது நான் அழுததைப் பார்த்து, எவ்வளவு பாசம் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். பாசம்தான் அண்ணா. ஆனால் அது மட்டும் இல்லை.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சொல்ல வேண்டியவர்கள் இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன்.

போன வாரம் உங்கள் மகள் வந்தாள். உங்கள் காரை இப்போது அவள்தான் ஓட்டுகிறாள். இறங்கும்போதே, "அத்த, அப்பா ஊத்துற ஆயிலே ஊத்துங்க" என்றாள். அவளை உட்கார வைத்து, அந்தப் புதன்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். காலித் தட்டை, சரக்கு வண்டியை, என் எரிச்சலை. எதையும் பூசி மெழுகவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே சொன்னேன்.

அவள் திரும்பி எதிர்க்கடையைப் பார்த்தாள்.

"அங்க இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. இங்கேர்ந்தே தெரிஞ்சுது."

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபம் இருந்ததோ என்னவோ, தெரியவில்லை. சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "அப்பா அங்க போயிருக்க மாட்டாரு அத்த. அந்தக் கடை தொறந்த அன்னிக்கே அவங்க கூப்ட்டு டைரி, கேலண்டர் எல்லாம் குடுத்தாங்களாம். டீச்சரம்மா கடைக்கு எதிர்ல கீற கடையில எனக்கு இன்னா வேலைன்னு திருப்பிக் குடுத்துட்டு வந்தாரு. நீங்க இல்லன்னு சொல்லியிருந்தா சனிக்கெழம வந்திருப்பாரு."

அவள் எழுந்து காரிடம் போனாள். பானெட்டைத் திறந்துவிட்டு ஓரமாகப் போய் நின்றாள். நான் ஆயிலை ஊற்றினேன். கொஞ்சம் வெளியே சிந்தியது. அவளே துணியை எடுத்துத் துடைத்தாள். போகும்போது, வர்றேன் அத்த என்றாள்.

அண்ணா, என் நம்பரையும் புத்தகத்தையும் நீங்கள் ஆறு மாதம் சண்டை போட்டுப் புரிந்துகொண்டீர்கள். பதினைந்து வருஷம் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த உங்களை நான் புரிந்துகொள்ளவில்லை. தெருவைக் கடந்துவிடும் ஆள் என்று நினைத்துவிட்டேன். பொய்யைவிட அதுதான் இப்போது எனக்குப் பெரிதாக வலிக்கிறது. இருந்திருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று ஊகிக்க எனக்கு வரும். சிரித்திருப்பீர்கள், மன்னித்திருப்பீர்கள் என்று எழுதிக்கொண்டால் இன்று இரவு தூக்கமும் வரும். ஆனால் உங்கள் பதிலையும் நானே எழுதிக்கொள்வது நியாயம் இல்லை. அது உங்களோடு போய்விட்டது, போனதாகவே இருக்கட்டும்.

என்னிடம் இருப்பது அன்றைக்குச் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தைதான். மனதில் எத்தனை தடவை சொல்லிப் பார்த்தாலும் அது பழசாக மாட்டேன் என்கிறது. நீங்கள் வந்து நிற்கிறீர்கள். மனசு ஒப்பவில்லை, ஆனாலும் என் பேச்சைக் கேட்டு வந்திருக்கிறீர்கள். நான் அலமாரியைப் பார்க்கிறேன், எதிர்க்கடையைப் பார்க்கிறேன், உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன்:

"இன்னிக்கு இல்லண்ணா. சனிக்கெழம வாங்க."